தேர்தல் வரைக்கும் கிடைத்த குரல்

தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். பொன்னுரங்கம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான், அவர் மனைவி தெய்வானைக்குக் குரல் என்று ஒன்று இருப்பதே தெருவுக்குத் தெரிந்தது.

அதுவரை குழம்பில் உப்பு குறைந்தால் அவர் திட்டமாட்டார். துப்பாக்கியை மடியில் வைத்துத் துடைக்க ஆரம்பிப்பார், அவ்வளவுதான். குழல் மட்டும் அடுப்படியைப் பார்த்தபடி இருக்கும். இப்போது துடைக்க ஒன்றுமில்லாமல், கை நமநமக்க, கூடத்துக்கும் வாசலுக்குமாக அலைந்தார்.

"சும்மா குறுக்க நெடுக்க நடக்காம, உக்காந்து இந்தக் கீரைய உருவுங்க" என்று தெய்வானை சொன்னதைப் பக்கத்து வீட்டுக் கோமளம் காதாரக் கேட்டாள். அவர் உருவினாரா என்பதையும் எட்டிப் பார்த்துக்கொண்டாள். உருவினார்.

டீக்கடையில் மட்டும் வீராப்பு குறையவில்லை. "தற்காப்பு மனுசனோட உரிமைய்யா! அதப் பிடுங்க கவர்மெண்ட் யாரு?" என்றார். யாரிடமிருந்து தற்காப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஓட்டு எண்ணி முடித்தார்கள். ஸ்டேஷனிலிருந்து போன் வந்தபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார். தெய்வானைதான் எடுத்தாள்.

"துப்பாக்கிய வந்து வாங்கிக்கச் சொல்லும்மா" என்றார் ஏட்டு.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஏட்டய்யா, உள்ளாட்சித் தேர்தல் எப்பங்க?"

"அதுக்கு இன்னும் ஒரு வருசம் ஆகும். ஏன், நீ நிக்கப்போறியா?" என்று சிரித்தார்.

"இல்லீங்க. அதுவரைக்கும் அது அங்கேயே இருக்கட்டுமே."

போனில் சிரிப்பு நின்றது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தமும் நின்றது.