காலை ஏழு மணித் திட்டு

"தாடையை ஆட்டாதீங்க ஆனரபிள், பவுடர் ஒரு பக்கமா ஒட்டுது," என்றாள் ஒப்பனை போடும் சித்திகா.

"ஆடாம எப்படிம்மா இருக்கும்? பத்து மணிக்குப் புது அமைச்சர் பட்டியல் சட்டசபைக்குப் போகுது."

"உங்க பேரு இருக்கா?"

"இருக்குன்னு மூணு பேரு சொல்றாங்க. அதுல ஒருத்தன் என் டிரைவர். அவனை விட்டுடு. மத்த ரெண்டு பேரும் நம்பகமானவங்க."

ஆனரபிள் லாதிபோ எட்டு வருடம் சட்டசபையில் இருந்தவர். அந்த எட்டு வருடத்தில் மூன்று முறை வாய் திறந்தார். இரண்டு முறை பதவிப் பிரமாணத்துக்கு, ஒரு முறை கொட்டாவிக்கு. கொட்டாவியை அவைக்குறிப்பில் ஏற்றவில்லை. மூன்று கட்சித் தொப்பிகளையும் போட்டுப் பார்த்தார். கடைசித் தேர்தலில் சொந்தத் தெரு வாக்குச்சாவடியில் அவருக்கு விழுந்தது நான்கு ஓட்டு. வீட்டில் ஓட்டுப் போடுகிறவர்கள் ஆறு பேர். அந்த இரண்டு பேர் யார் என்ற விசாரணை இன்னும் நடக்கிறது.

தோற்ற பிறகுதான் தமக்கும் பேச வரும் என்று கண்டுபிடித்தார். காலை ஏழு மணிக்குத் தொலைக்காட்சியில் அன்றைய செய்தித்தாள்களைப் பிரித்து வைத்துக்கொண்டு கவர்னரைத் திட்டுவார். எங்கள் நைஜீரியாவில் ஓட்டு வாங்கி ஜெயித்து வருகிற கவர்னர்தான் மாநிலத்துக்கு ஆதியும் அந்தமும். அவரைத் திட்டுவதும் மதிப்பான வேலைதான். நன்றாகத் திட்டுகிறவனைக் கவர்னர் மாளிகைக்குக் கூப்பிட்டு, சாப்பாடு போட்டு, அமைச்சராக்கி அனுப்புவார்கள். அதன் பிறகு அவன் வாயைச் சாப்பிடுவதற்கு மட்டும் திறப்பான். லாதிபோவுக்கு முன்னால் இந்த நிகழ்ச்சியில் பேசிய மூன்று பேரும் அப்படித்தான் போனார்கள்.

இவரும் இரண்டரை வருடமாகத் திட்டுகிறார். சாலையைத் திட்டினார், மருத்துவமனையைத் திட்டினார், சந்தைக்கு மேலே கட்டிய புதுப் பாலம் அடுத்த மழைக்கு நிற்காது என்றார். ஒரு நாள் கவர்னரின் மூக்கையே அரை மணி நேரம் திட்டினார். மாளிகையிலிருந்து ஒரு தும்மல்கூட வரவில்லை.

கைப்பேசி அடித்தது. மனைவி. மகன் பெயரைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிடுவாள்.

"தோபி அப்பா, தையல்காரன் கேட்கிறான். பதவியேற்புக்கு நம்ம சொந்தக்காரப் பொம்பளைங்க முப்பத்திரண்டு பேருக்கும் ஒரே துணி. வெட்டலாமா, வேண்டாமா?"

"பட்டியல் வரட்டும்டி."

"வரட்டும்னா எப்படி வரும்? ரெண்டரை வருஷமா குரைச்சீங்களே, யாராவது எலும்பு போட்டாங்களா? இன்னைக்கு ஒரு நாள் வாலை ஆட்டிப் பாருங்க. எங்க அக்கா புருஷன் அப்படித்தான் துறைமுகத்துல வேலை வாங்கினாரு."

"நம்ம மாநிலத்துல துறைமுகமே இல்லையேடி."

"இல்லாத துறைமுகத்துக்கே அவரு தலைவர். நீங்க?"

லாதிபோ கைப்பேசியைப் பைக்குள் போட்டார். தொப்பியைச் சரி செய்துகொண்டு உள்ளே போனார்.

ஏழு மணி. நிகழ்ச்சி நடத்தும் மொரேனிக்கே வழக்கம்போல் எடுத்துக் கொடுத்தாள்.

"சந்தைப் பாலத்துல விரிசல்னு எழுதியிருக்காங்களே ஆனரபிள்?"

"விரிசல் பாலத்துல இல்லம்மா, எழுதினவன் கண்ணுல. அது பாலமே இல்ல. நம்ம கவர்னர் ஐயா தன் நெஞ்சை எடுத்துக் குறுக்கே போட்டிருக்காரு. அதுமேலதான் நாம நடக்கிறோம்."

மொரேனிக்கே கையிலிருந்த தாளை நழுவ விட்டாள். கேமராக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அதே ஆள்தான்.

நேயர்களிடமிருந்து முதல் தொலைபேசி வந்தது. "ஆனரபிள், உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"நல்லாத்தான் இருக்கேன். கவர்னர் ஐயா ஆட்சியில யாருக்கு என்ன குறை?"

அடுத்து ஒரு மினி பஸ் டிரைவர். "நேத்து வரைக்கும் அந்தப் பாலத்துல தைரியமாப் போனேன். இனிமே போகமாட்டேன்."

"ஏன் தம்பி?"

"வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கு," என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஏழே முக்காலுக்குப் பாலத்தின் மேல் ஒரு வண்டி இல்லை. பாதி தூரம் போன ஒரு லாரி, பின்பக்கமாகவே இறங்கி வந்தது. அடியில் அக்காரா வடை சுட்டுக்கொண்டிருந்த பெண்கள் அடுப்போடு எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள். இதையெல்லாம் செய்தியாளர் நேரலையில் சொல்லச் சொல்ல, மொரேனிக்கே அவசரமாக விளம்பரம் போடச் சொன்னாள்.

அப்போது லாதிபோவின் கைப்பேசியில் கவர்னர் மாளிகையின் எண் வந்தது. அவர் எழுந்து, சட்டையில் மாட்டியிருந்த மைக்கோடு பாதிவரை தரையில் விழுந்து வணங்கினார். பேசியது கவர்னரின் தலைமைச் செயலர், பெரியவர் அகின்யெலே.

"காலை வணக்கம் ஐயா. பட்டியல்ல என் பேரு..."

"என்ன பட்டியல்? யாரைக் கேட்டுடா கவர்னரைப் பாராட்டினே?"

"ஐயா, மனசுல பட்டதை..."

"உனக்கு முன்னாடி பேசினவங்க சொன்னதை ஜனங்க நம்பினாங்க. அதனால அவங்களுக்குப் பதவி கொடுத்து வாயை மூடினோம். நீ திட்டினா, திட்டினது எல்லாம் நல்லதுன்னு நம்பறாங்க. சேனல்காரங்க வேண்டாம் வேண்டாம்னு அழுதும் உன்னை அங்க உட்கார வெச்சதே நாங்கதான்டா. தேர்தலுக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு. விளம்பரம் முடியறதுக்குள்ள போய் கவர்னரை நல்லாத் திட்டு."