கரைக்கு வராத கப்பல்

பனிமூட்டத்தில் கடலும் வானமும் ஒன்றாகக் கலந்திருந்தன. தூரத்தில் நின்ற எண்ணெய்க் கப்பல் மேகத்தில் மிதப்பதுபோல் தெரிந்தது. கடலூர் துறைமுக அதிகாரி வெண்மதி அதிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

“கையெழுத்துப் போட்டு வுடுங்க மேடம்” என்று கெஞ்சினார் கப்பல் ஏஜென்ட் ராபர்ட்.

“தீப்பிடிச்சா ஓடியாந்து அணைக்க ஒரு மீட்புக் கப்பலோட ஒப்பந்தம் வேணும் சார். அது இல்லாம உள்ள வுட சட்டத்துல எடமில்ல.”

“கேப்டன் நம்ம சிதம்பரத்துக்காரரு. வீட்டப் பாத்து எட்டு மாசமாச்சு. அவரு பொண்டாட்டி படற வேதனை உங்களுக்கு எங்க புரியப்போவுது?”

வெண்மதி கழுத்துத் தாலியைப் பற்றியபடி கப்பலையே பார்த்தாள்.

ராபர்ட்டின் செல்போன் ஒலித்தது. “கேப்டன்தான். உள்ள வுடமுடியாதுன்னு நீங்களே சொல்லிடுங்க” என்று வெடுக்கென்று நீட்டினார்.

வாங்கியவள் தூக்கத்தில் பேசுவதுபோல் மெல்லச் சொன்னாள்.

“மாமா… உங்க கப்பல் இங்கேர்ந்து தெரியுது.”

“ஒப்பந்தம் வந்துடுச்சா, வெண்மதி?”

“இன்னும் இல்ல மாமா.”

“அப்ப எனக்காகப் பாத்து உள்ள வுட்டுடாத. கப்பல்ல இத்தனை பேரு இருக்காங்க. கரையில ஊரே இருக்கு.”

“வுடமாட்டேன் மாமா” என்றபோது அவள் குரல் உடைந்தது.

ராபர்ட் செல்போனைத் திருப்பிக் கேட்கவில்லை. மேசைமேல் இருந்த தொலைபேசியை எடுத்து, மீட்புக் கப்பல் கம்பெனியைக் கூப்பிட ஆரம்பித்தார்.