பின் கதவில் ஒரு கீறல்

“உங்க கார்ல கீறல் போட்டது நான்தான், மோளே.”

மலையாள வழக்கில் மகளே என்று அழைத்தபடி வாசலில் நின்றவருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். கையில் ஒரு துணிப்பை. மாதுரி கதவைப் பாதிதான் திறந்திருந்தாள்.

“எப்போ?”

“நேத்து சாயங்காலம். இந்தச் சந்துல ஸ்கூட்டரைத் திருப்பும்போது உரசிட்டேன். பேரு செல்லதுரை. வீடு பள்ளுருத்தியில. கார்ப்பரேஷன்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன்.”

மாதுரி வெளியே வந்து பார்த்தாள். பின் கதவின் அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு. காரை எடுப்பது எப்போதும் அவள் கணவன் அபிராம்தான். அவள் இதையெல்லாம் கவனித்ததே இல்லை.

“சின்னதுதானே அங்கிள். பரவாயில்ல, போங்க.”

“அப்படிச் சொல்லாதே மோளே. நானே சரி பண்ணிட்டுப் போறேன். சாமான் எல்லாம் கொண்டுவந்திருக்கேன்.”

மட்டாஞ்சேரியில் இடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறவர்களைத்தான் அவள் கண்டிருக்கிறாள். அபிராமுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. வெலிங்டன் தீவுக் கிடங்கில் வேலை நேரத்தில் போன் எடுக்க முடியாது.

அதற்குள் செல்லதுரை தரையில் உட்கார்ந்துவிட்டார். கதவைச் சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்தார். கீறலைச் சுற்றி டேப் ஒட்டினார். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, குழந்தையின் முதுகைத் தடவுவதுபோல மெல்லத் தேய்த்தார். நகத்தால் வருடிப் பார்த்துவிட்டு மறுபடியும் தேய்த்தார்.

“பெயிண்டரா அங்கிள் நீங்க?”

“ஐயோ, இல்ல. மொபைல்ல வீடியோ பார்த்துப் படிச்சதுதான். ஒரு பழைய தகரத்துல பெயிண்ட் அடிச்சு, கீறி, சரி பண்ணிப் பழகினேன். முதல்ல சரியாவே வரல. நாலஞ்சு தடவை கெட்டுப்போச்சு.”

“ஒரே ராத்திரியிலயா?”

அவர் பெயிண்ட் குப்பியைக் குலுக்கினார்.

மெல்லிய பிரஷ்ஷால் காரின் அதே நீலத்தைத் தொட்டு வைத்தார். ஒரு சொட்டு வழிந்து டேப்பைத் தாண்டி இறங்கியது. பதறித் துடைத்தார். துடைத்த இடத்தில் கீறல் முன்போலவே தெரிந்தது. அவர் கண் கலங்கிவிட்டதைப் பார்த்து மாதுரி திகைத்தாள்.

“எதுக்கு இவ்வளவு டென்ஷன்? நாங்க திட்டவா போறோம்?”

“தெரியவே கூடாது மோளே. கிட்ட வந்து பார்த்தாலும் தெரியக் கூடாது.”

அவள் சாயா போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு மறுபடி பிரஷ்ஷை எடுத்தார். ஒரு பூச்சு, காயவிட்டு இன்னொரு பூச்சு, அதன்மேல் பளபளப்புக்கு ஒன்று. உச்சி வெயில் ஏறும்போது கோடு இருந்த இடமே தெரியவில்லை. செல்லதுரை குனிந்து, எட்ட நின்று, மறுபடி கிட்ட வந்து பார்த்தார்.

அப்போது மதியச் சாப்பாட்டுக்கு அபிராம் பைக்கில் வந்து சேர்ந்தான்.

“யாரு இது?”

மாதுரி உற்சாகமாகச் சொன்னாள். “நேத்து நம்ம காரை உரசிட்டாராம். தேடி வந்து தானே சரி பண்ணித் தந்திருக்கார். பாருங்க, இங்கதான் இருந்துது.”

அபிராம் நெற்றியைச் சுருக்கினான்.

“அந்தக் கீறலா? நாம இந்த வண்டியை செகண்ட் ஹேண்ட்ல வாங்கும்போதே அது இருந்ததே!”

மாதுரி சட்டென்று திரும்பினாள். செல்லதுரை தலை குனிந்து நின்றார்.

“மன்னிக்கணும். உண்மையைச் சொன்னா வண்டியைத் தொட விடமாட்டீங்கன்னு நெனச்சேன். இது புரோக்கர் மூலமா நாங்க வித்த வண்டி. என் வீட்டுக்காரி ஓட்டிப் பழகும்போது எங்க வீட்டு கேட்டுல உரசின கீறல் அது. இப்ப அவளுக்கு வண்டியை வித்தது ஞாபகமில்ல, என் பேருகூட ஞாபகமில்ல. ஆனா ‘கீறலைப் பார்த்தா என் வீட்டுக்காரர் திட்டுவார்’னு தினமும் என்கிட்டயே சொல்லி அழறா. நாளைக்கு ஒரு தடவை கூட்டிட்டு வந்து காட்டட்டுமா?”