நீலச் சட்டைக்காரர்

"தம்பி, புகை!"

அக்கா கல்லாவிலிருந்து கத்திய பிறகுதான் அவன் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினான். நீலச் சட்டையின் முதுகில் பெட்டியின் உருவம் அச்சு அசலாய்ப் பழுப்பு நிறத்தில் பதிந்திருந்தது.

லாண்டரி ஆரம்பித்த நாளிலிருந்து அவன் ஒரு கைக்குட்டையைக்கூடத் தீய்த்ததில்லை. தீய்த்ததுதான் தீய்த்தான், போயும் போயும் அந்த டாக்டரம்மாவின் புருஷன் சட்டையையா?

அவள் பக்கத்துத் தெருவுக்குப் புதிதாக வந்திருக்கும் பல் டாக்டர். சனிக்கிழமை தவறாமல் ஒரு துணிப்பையில் ஆண்பிள்ளைச் சட்டைகளாகக் கொண்டுவந்து தேய்க்கக் கொடுப்பாள். கொடுத்துவிட்டு உடனே போகவும் மாட்டாள். மழையைப் பற்றி, தெருநாயைப் பற்றி, அவனுடைய கடைவாய்ப் பல்லைப் பற்றி ஏதாவது பேசிக்கொண்டு நிற்பாள்.

மனைவி இறந்த பிறகு கடையைத் திறக்கவே மனமில்லாமல் கிடந்தவன் அவன். அக்காதான் கையைப் பிடித்து இழுத்துவந்து மேஜைக்கு முன்னால் நிறுத்தினாள். அப்படிப்பட்டவன் இப்போது சனிக்கிழமை வந்தால் முகச்சவரம் செய்துகொள்கிறான். தேய்க்கும்போது சீட்டியடிக்கிறான். அடுத்தவன் மனைவி என்ற நினைப்பு வந்ததும் சீட்டி பாதியில் நின்றுவிடும்.

"அந்த மனுஷன் என்னதான்டா வேலை பாக்கறாரு?" என்று அக்கா ஒருமுறை கேட்டாள். "காலர்ல அழுக்கு இல்ல, அக்குள்ல வேர்வை இல்ல. கசங்கறது மட்டும் மாடு மென்ன மாதிரி கசங்குது. அதுவும் அதே சட்டைங்க, திருப்பித் திருப்பி."

"ஏசி ரூம்ல படுத்துத் தூங்கற வேலையா இருக்கும். கஞ்சன்" என்றான் வயிற்றெரிச்சலோடு.

இப்போது அந்தக் கஞ்சனின் சட்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றான்.

"இதே மாதிரி வேற ஒண்ணு வாங்கிக் குடுத்துடறேன்க்கா."

"சட்டைய வாங்கிடலாம். அவ இனிமே இந்தப் படி ஏறுவாளா, அதைச் சொல்லு."

அவன் காது சிவந்தது. அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

சொல்லி வாய் மூடவில்லை, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவளே வந்து நின்றாள். அவன் சட்டையை நீட்டினான். தீய்ந்த இடத்தின் ஓரத்தை அவள் விரலால் மெல்லத் தடவிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"மன்னிச்சுக்குங்க டாக்டர். வீட்ல... சத்தம் போடுவாரா?"

"அவருக்கு ரொம்பப் புடிச்ச சட்டை" என்றாள்.

கல்லாவில் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அவன் மனக்கண்ணில் நீலச் சட்டைக்காரர் மீசையை முறுக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

"நானே வந்து அவர்கிட்ட பேசறேன். திட்டட்டும், அடிக்கட்டும், வாங்கிக்கறேன். உங்கள ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

"அதெல்லாம் வேணாங்க."

"அப்போ இனிமே வேற கடையில குடுத்துடுங்க. உங்க துணியை எடுத்தா என் கவனம் நிக்க மாட்டேங்குது."

"டேய்!" என்றாள் அக்கா.

"ஏன் நிக்க மாட்டேங்குது?" அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அது... கல்யாணமானவங்ககிட்ட சொல்ற விஷயம் இல்லீங்க." அவன் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே அணைத்திருந்த இஸ்திரிப் பெட்டியை இன்னொரு முறை அணைக்கப் போய், சுவிட்சைப் போட்டுவிட்டான்.

பின்னால் ஒரு விசும்பல் கேட்டது. திரும்பினால், அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே அவனுக்குப் புரியவில்லை. நீலச் சட்டையை மடித்து மார்போடு வைத்துக்கொண்டு, புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"அவர் போய் மூணு வருஷமாச்சு. உங்களைப் பாக்க வர்றதுக்கு எங்கிட்ட இன்னும் நாலு சட்டைதான் இருக்கு, பாத்துத் தேய்ங்க."