தூசி தட்டிய பேழை

"ரெண்டையும் தீர்த்துக்கட்டிட்டேன்!" என்று கைகளைத் தட்டிக்கொண்டு நாற்காலியைச் சுழற்றினாள் அவள்.

அடுத்த மேசைக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். "யாரைம்மா?"

"இந்தத் தூசிங்களைத்தான் சார். மூணு வாரமா என் உயிரை வாங்கிட்டிருந்துச்சு."

பழைய படங்களைச் சுத்தம் செய்து, வீட்டில் பார்க்கும் டிஸ்க்காக வெளியிடும் நிறுவனம் அது. அவள் கைக்கு வந்திருந்தது முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு கார்ட்டூன் படம். நோவா பேழை கட்டி, மிருகங்களை ஜோடி ஜோடியாக ஏற்றிக்கொண்டு வெள்ளத்திலிருந்து தப்புகிற பைபிள் கதை. இதுநாள்வரை வீடுகளில் ஓடியது அதன் வீடியோ டேப்தான். அதில் சிங்கம் எது, நாய் எது என்று யாரையாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூல பிலிமிலிருந்து புதிதாகப் பிரதி எடுத்ததும் நிறமெல்லாம் பளிச்சென்று வந்துவிட்டது. கூடவே முப்பத்தைந்து வருட அழுக்கும் பளிச்சென்று வந்தது. கீறல், தூசி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே துடைத்துத் தள்ளிவிட்டது. பேழையில் ஏறுகிற காட்சியில் இருந்த இரண்டு கரும்புள்ளிகள் மட்டும் அதற்குப் பிடிகொடுக்கவில்லை.

மற்ற தூசியெல்லாம் ஒரு பிரேமில் வந்து அடுத்த பிரேமில் காணாமல் போய்விடும். இவை இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் அடம்பிடித்தன. "யார் கண்ணுக்கும் தெரியப்போறதில்லைம்மா, விட்டுடு" என்றார் மேலதிகாரி. அவள் விடவில்லை. தொள்ளாயிரத்துச் சொச்சம் பிரேம்களையும் ஒவ்வொன்றாகக் கையாலேயே துடைத்து முடித்தாள்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் அவளுடைய மாமனார்.

அந்தப் படத்தை எடுத்த ஸ்டூடியோவில் அவர் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர். அங்கிருந்த ஓவியர்களில் அவர்தான் கடைக்குட்டி. படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயரைப் போடவில்லை.

"பேழைல ஏறுற ஒரு ஜோடி என் கைவேலை" என்று மட்டும் சொல்வார். எந்த ஜோடி என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டார். "அந்தப் பாழாப்போன டேப்புல எங்க தெரியுது? தெளிவா ஒரு நாள் வரட்டும். நீங்களே பாருங்க."

சின்ன வயதில் அவள் கணவன், "அந்தச் சிங்கம் எங்கப்பா வரைஞ்சது" என்று பள்ளிக்கூடம் முழுக்க அளந்துவிட்டு, "உங்கப்பாவுக்குச் சிங்கம்னா எப்படி இருக்கும்னே தெரியாதா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். மாமியாருக்கோ கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிற்று. "இவர் அங்க எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்திருப்பாரு. அதைச் சொல்ல வெட்கம்!" என்பார்.

அன்று மாலை மாதிரி டிஸ்க்கோடு அவள் வீட்டுக்கு வந்தாள். திங்கட்கிழமை அவள் கையெழுத்துப் போட்டால் ஆயிரக்கணக்கில் அச்சாகிவிடும். அதற்கு முன்னால் மாமா பார்த்துவிட வேண்டும்.

விஷயத்தைச் சொன்னதுமே அவர் எழுந்துபோய்ச் சட்டை மாற்றினார். தலை வாரினார். மூக்குக்கண்ணாடியை இரண்டு தடவை துடைத்து மாட்டிக்கொண்டு டிவிக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"பொண்ணு பார்க்க வந்தப்போகூட இவ்வளவு ஜோரா வரலை" என்றார் மாமியார்.

படம் ஓடத் தொடங்கியது. மரப்பலகையில் ஓடும் வரி தெரிந்தது. மேகத்தின் ஓரத்தில் தூரிகை இழுத்த தடம்கூடத் தெரிந்தது. "நோவாவோட தாடியை ஒவ்வொரு முடியா எண்ணலாம் போலிருக்கே!" என்று மாமியாரே அசந்துபோனார்.

மிருகங்கள் வரிசை கட்டி வந்தன.

"சிங்கம்தானேப்பா?" என்றான் கணவன், பழைய ஆசை விடாமல்.

"அது எங்க பெரியவர் வரைஞ்சது. வேற யாரையும் பக்கத்துலகூட விடமாட்டாரு."

"அப்போ யானையா மாமா?"

"யானைக்கு மூணு பேரும்மா. தும்பிக்கைக்கே ஒருத்தர்."

ஒட்டகச்சிவிங்கி போயிற்று. குரங்கு, மயில், முயல் எல்லாம் போயின. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி மறுத்துக்கொண்டே வந்தார்.

"டீதான்" என்றார் மாமியார் தீர்ப்பாக.

"இரு, இரு. வரிசை இன்னும் முடியலையே!"

கடைசியாக ஆமை ஜோடி ஆடி அசைந்து வந்தது. மாமனார் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"ஆமையா! எங்கப்பா ஆமை வரைஞ்சாரு!" என்று கணவன் கைதட்டினான். மாமியார்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்று வாரம் கண் எரிய உழைத்த இடம் அதுதான். ஆமைகள் ஏறிய சரிவுப் பலகை ஒரு பொட்டு அழுக்கில்லாமல் அலம்பிவிட்ட மாதிரி மின்னியது.

ஆமைகள் உள்ளே போயின. பேழையின் கதவு சாத்திக்கொண்டது. மழை பிடித்துக்கொண்டது.

மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. மகனிடமிருந்து ரிமோட்டை வாங்கி, படத்தைப் பின்னால் ஓட்டி, டிவியில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து நின்று இன்னொரு தடவை பார்த்தார். பிறகு ஒன்றும் புரியாமல் மருமகளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமைக்குப் பின்னாடி வந்த என்னோட ரெண்டு கொசுவும் எங்கம்மா?"