சுண்ணாம்புக் கோட்டு வீடு

கட்டப்போகும் வீட்டின் வரைபடத்தைப் பொறியாளர் காலி மனையில் சுண்ணாம்புத் தூளால் முழு அளவில் வரைந்து வைத்திருந்தார். திருத்தம் சொல்ல அன்றே கடைசி நாள். வாசல்களுக்காக விட்டிருந்த இடைவெளிகளின் வழியாகவே மரகதவல்லி கணவர் தணிகாசலத்தைப் பின்தொடர்ந்தாள். அவளுடைய முந்தானையைப் பற்றியபடி இருபத்தாறு வயது மகன் சேந்தன் வந்தான்.

"என்ன சார், எல்லா ரூமும் தீப்பெட்டியாட்டம் இருக்கு?" என்று பொறியாளரைக் கேட்டார் தணிகாசலம்.

"கோடா பார்த்தா அப்படித்தான் தெரியும் சார். சுவர் எழும்பட்டும், பெருசாயிடும்."

பின்பக்க அறையை அடைந்ததும் தணிகாசலம் குரலைத் தாழ்த்தினார். "இதுக்கு ஜன்னல் வேணாம். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும் போதும்."

"ஸ்டோர் ரூமா சார்?"

"ஆமா."

மனம் பிறழ்ந்த சேந்தன் சென்ற மாதம் இருமுறை ஓடும் பேருந்தின் முன்னே போய் நின்றவன். அந்த அறைக்கு மரகதவல்லி முந்தைய நாளே சம்மதித்திருந்தாள். முந்தானை தளர்ந்ததை உணர்ந்து அவள் திரும்பியபோது, அவன் அந்த அறையின் மூலையில் சம்மணமிட்டு அமர்ந்திருந்தான்.

"எந்திரிச்சு வா கண்ணு, போகலாம்."

அவன் அசையவில்லை. அவள் பக்கச் சுவரின் கோட்டைக் குதிகாலால் முழுவதும் தேய்த்து அழித்தாள். "பாரு, இங்க சுவரே இல்ல. இப்படியே வந்துடு."

அழிந்த சுவரை அவன் திரும்பியும் பார்க்கவில்லை. எழுந்து வாசலுக்கான இடைவெளிக்குச் சென்று, வெறுங்காற்றின்மீது இரு கைகளையும் வைத்துத் தள்ளிப் பார்த்தான். பிறகு அவளைத் தேற்றுபவனைப்போல மெல்லச் சொன்னான்:

"வெளியில தாழ்ப்பாள் போட்டிருக்கும்மா."