பதினேழாம் நம்பரின் மனக்கஷ்டம்

"பதினேழாம் நம்பருக்கு அங்க இருக்கவே பிடிக்கல மேடம். முதல்ல அதைக் கிளப்பணும்," என்றேன்.

மருந்து தயாரிக்கும் வேதியியல் மேடம் கையுறையைக்கூடக் கழற்றாமல் என் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். பதினேழு என்பது ஒரு தண்ணீர் மூலக்கூறு. நோய்க்குக் காரணமான புரதத்தின் குழிக்குள் மாட்டிக்கொண்டு அல்லாடுகிறது. அதைத் தள்ளிவிட்டு உட்காரும் மருந்து, குழியில் இறுக ஒட்டிக்கொள்ளும்.

புரதத்தைச் சுற்றிப் பத்தாயிரம் தண்ணீர் மூலக்கூறுகளைக் கம்ப்யூட்டரில் குதிக்கவிட்டு, எது சுகமாக இருக்கிறது, எது அவஸ்தைப்படுகிறது என்று ஆற்றல் கணக்குப் போடுவது என் உத்தியோகம். வீட்டில் மனைவி முகம் வாடியிருந்தால் கண்டுபிடிக்கத் துப்பில்லை. தண்ணீரின் மனசு மட்டும் எனக்கு அத்துப்படியாம்!

இதுவரை ஐந்து தடவை கணித்துச் சொன்னேன், ஐந்தும் ஊத்திக்கொண்டது. ஒட்டும் என்றது கழன்றது. கழன்றுவிடும் என்றது ஒட்டித் தொலைத்தது. ஆறாவதும் போனால் என் பிரிவுக்கே பூட்டு என்று டைரக்டர் சொல்லிவிட்டார். இந்த வயசில் எனக்கு வேறெவன் வேலை கொடுப்பான்?

"பக்கத்துல இருக்கிற இருபத்திரண்டு எப்படி சார்?"

"ஐயோ, அது சொகுசா இருக்கு. அதைக் கிளப்பினா மருந்து ஒட்டவே ஒட்டாது. தொட்டுடாதீங்க!"

"நிச்சயமா?"

"என் தலைமேல சத்தியம் மேடம்."

அப்போதுதான் மேடத்துக்கு முகம் தெளிந்தது. நோட்டில் குறித்துக்கொண்டு போனார்.

மூன்று மாதம் கழித்து மீட்டிங். "புது மருந்து பழசைவிட நூறு மடங்கு இறுக்கமா ஒட்டுது," என்றார் டைரக்டர். எனக்குக் காது அடைத்தது. எல்லோரும் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். பூட்டு கிடையாது, இன்னும் மூன்று வருஷம் பிரிவு நடக்குமாம்.

விடுவேனா? எழுந்து நின்று, தண்ணீரின் சுகதுக்கத்தைப் பற்றி இருபது நிமிஷம் வெளுத்து வாங்கினேன். நடுநடுவே அடக்கமாகச் சிரித்தும் வைத்தேன்.

வெளியே வந்ததும் மேடத்தைத் தேடிப் பிடித்தேன். கண் கலங்கிவிட்டது.

"அஞ்சு தடவை கவுத்தும், என் கணக்கை நம்பினீங்களே மேடம்!"

"நம்பாம இருப்பேனா சார்? அஞ்சு தடவையும் அச்சுப் பிசகாம தலைகீழா வந்துச்சே," என்றார் மேடம் வெள்ளந்தியாக. "அதான், இருபத்திரண்டைக் கிளப்பிட்டேன்."